காளையோடு பிறந்த கிடேரி

அந்தக் காலத்தில், மாடும் ஆடும் கொக்கும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பங்குனி பதினாறாம் நாள் பொழுது சாய ஒரு நாழிகை இருக்கையில், கிடையில் நூற்று நாற்பத்து மூன்று மாடுகள் எண்ணப்பட்டன. கடைசியாக எண்ணப்பட்டவளின் பெயர் வெள்ளைக்காலி.

கிடை என்பது வீடில்லாத மாட்டுக் கூட்டம். பகலெல்லாம் மேய்ந்துகொண்டே நடக்கும். பொழுது சாய்ந்த இடத்தில் படுக்கும். அப்போது கிடைக்கு மனித மேய்ப்பன் கிடையாது. மாடுகளே தங்களில் ஒருத்தியைக் கூட்டத்தை நடத்தும் கீதாரியாக வைத்திருந்தன. அன்றைய கீதாரி, கொம்புகள் இரண்டும் நுனியில் ஒன்றுகூடிய ஒரு கிழட்டுப் பசு. கூடுகொம்பி என்று பெயர். அவள் தினமும் சாயங்காலம் வரிசையாக நிற்கும் மூன்று மரங்களைத் தேடுவாள். முதல் இரண்டு மரங்களுக்கு நடுவே பசுக்கள் நுழைய வேண்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே காளைகள். ஒவ்வொன்றாக வர, அவள் எண்ணுவாள்.

எண்ணிக்கைக்கு ஒரு விதி இருந்தது. மூன்று நாள் தொடர்ந்து கடைசியாக வந்த மாட்டைக் கிடை நான்காம் நாள் காலை விட்டுவிட்டுப் போகும். திட்டுவதில்லை, முட்டுவதில்லை. வழக்கமான நேரத்துக்குக் கிளம்பும். அவளை எழுப்பாது. அவ்வளவுதான்.

சினை மாடுகளுக்கு மட்டும் நடுவரிசை கொடுத்திருந்தார்கள். நடுவில் நடப்பவள் கடைசியாக வர முடியாது. ஆனால் வயிற்றுக் கன்றின் நெஞ்சடிப்பு தளர்ந்துவிட்டால் அவள் நடுவரிசையை விட்டு வெளியே வர வேண்டும். வழியில் கரு கலைந்தால் வாடைக்கு நரி வரும். நரி வந்தால் நடுவில் நடக்கும் கன்றுகளை விடாது.

நெஞ்சடிப்பைக் கேட்டுச் சொல்வது உண்ணிக்கொக்கின் வேலை. கிடைக்கென்று ஒரு கொக்கு இருந்தது. கழுத்தில் காவி படிந்தது போல நிறம், அதனால் செங்கழுத்தி. மாட்டின் உடம்பில் உண்ணி பொறுக்குவாள், வயிற்றருகே தலையைச் சாய்த்து உள்ளே நடப்பதைக் கேட்பாள், கேட்டதைக் கீதாரியிடம் சொல்வாள். உள்ளே இருப்பவர்கள் பேசுவதும் அவளுக்குக் கேட்கும். தாய்க்கு நேராகக் கேட்காது. கொக்கு எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

வெள்ளைக்காலிக்கு அது நான்காம் மாதம். வயிற்றில் இரண்டு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பசுக்களும் ஆடுகளைப் போலவே ஓர் ஈற்றில் இரண்டு போட்டன. இரண்டும் கிடேரியாக, அதாவது பெண்கன்றாக, இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. இரண்டும் காளையாக இருந்தால் செங்கழுத்தி அந்தத் தாயிடம் பேசவே தயங்குவாள். காளைக்கன்று வயிற்றில் அவசரக்காரன், சட்டென்று வளரப் பார்ப்பான். அதனாலேயே பஞ்சத்தில் முதலில் தளர்பவனும் அவன்தான். கிடேரி கிடைத்ததைக் கொண்டு இருந்துகொள்வாள்.

வெள்ளைக்காலியின் வயிற்றில் ஒன்று காளை, ஒன்று கிடேரி. மாசி முழுக்கப் புல் இல்லை. பங்குனி பதினான்காம் நாள் செங்கழுத்தி கீதாரியிடம் போய், காளையின் அடிப்பு தேய்கிறது என்று உள்ளதைச் சொன்னாள். வெள்ளைக்காலி நடுவரிசையை விட்டு வெளியே வந்தாள். பதினைந்தாம் நாள் கடைசி. பதினாறாம் நாளும் கடைசி.

அன்று அவள் மரங்களுக்கு நடுவே நுழைந்தபோது முன்னால் போய்க்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்தா வெள்ளைக்காலி, நாளைக்கும் நீதானா? சொல்லிட்டுப் போ. உன் பங்கு தண்ணிய நான் குடிச்சுக்கிறேன்."

"குடி, குடி. வயிறு ஊதிச் சாவு," என்றாள் வெள்ளைக்காலி. அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

மற்ற மாடுகள் கூட்டமாகப் படுத்தன. கடைசியாக வருபவளின் அருகில் யாரும் படுப்பதில்லை. அதற்கு விதி ஒன்றும் கிடையாது, பழக்கம்தான். அவள் குடைபோல் விரிந்து முள்ளோடு நின்ற ஓர் உடைமரத்தடியில் தனியாகப் படுத்தாள். சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. செங்கழுத்தி மட்டும் நடந்து வந்தாள்.

"என் மேல கோவமா தாயி?"

"நீ கேட்டதச் சொன்ன. அதுக்கு என்னத்தக் கோவிக்க?"

"இப்பவும் கேக்கட்டுமா?"

"கேளு."

கொக்கு தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றது. "பொட்டைப்புள்ள நல்லாத்தான் இருக்கா. அவன்தான், எண்ணி எண்ணி அடிக்கிறான். ஆத்துக்குப் போய் நாலு வாய் பச்சைப்புல்லு நீ தின்னுட்டா பொழைச்சுக்குவான்."

"ஆறு எத்தன நாளு?"

"ஒம்பது நாளு."

"எனக்கு ஒருநாள்தானே இருக்கு."

வெள்ளைக்காலி கிடையைப் பார்த்தாள். நூற்று நாற்பத்திரண்டு முதுகுகள் தெரிந்தன. போன ஆண்டு இதே வழியில் விடப்பட்ட ஒருத்தியை அவளுக்குத் தெரியும். திரும்பி வருகையில் அந்த இடத்தில் கொம்பு மட்டும் கிடந்தது.

"உள்ள எப்பிடி இருக்கு, சொல்லு," என்றாள். "ரெண்டும் ஒரே எடத்துலயா இருக்குதுங்க?"

"இல்ல தாயி. ஆளுக்கு ஒரு அறை. ஆளுக்கு ஒரு கொடி, அதுலதான் உன் ரத்தம் போகுது. நடுவுல ஒரு தடுப்பு, சவ்வு மாதிரி."

"அவகிட்ட ஒண்ணு கேக்கணும். எடுத்துச் சொல்றியா?"

"சொல்லு."

"தடுப்ப ஓரமா விலக்கச் சொல்லு. அவ கொடியில வாரதுல கொஞ்சம் அவனுக்கு விடச் சொல்லு. ஆறு வார வரைக்கும்தான். ஆத்துல எறங்குனதும் நானே சொல்றேன், அப்ப மூடிறட்டும்."

செங்கழுத்தி அலகை அவள் வயிற்றில் வைத்து அதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். பிறகு காத்திருந்தாள்.

"என்ன சொல்றா?"

"'அவன் தூங்கிட்டேதான் இருக்கான், கூப்புட்டாலும் பேச மாட்டேங்குறான்'ங்குறா. தெறந்தா அவன் பேசுவானான்னு கேக்குறா."

"பேசுவான்னு சொல்லு."

"தெறக்குறாளாம். ஆத்தா சொல்ற வரைக்கும் மூட மாட்டேன்னு சொல்லச் சொன்னா."

மறுநாள் காலை கிடை கிளம்பும் முன் கூடுகொம்பி வந்தாள். மூன்றாம் நாளுக்கு முன் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது வழக்கம். செங்கழுத்தி தலையைச் சாய்த்தாள். சாய்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"என்னடி, தூங்கிட்டியா?" என்றாள் கூடுகொம்பி.

"இல்லங்க ஆத்தா. காளை நல்லா அடிக்கிறான். உதைக்கிறான்."

"நேத்து சாகக் கெடந்தான்னியே?"

"நேத்து கெடந்தான். இன்னிக்கு உதைக்கிறான்."

வெள்ளைக்காலிக்கு நடுவரிசை திரும்பக் கிடைத்தது. இருபதாம் நாள் செங்கழுத்தியின் சொல்லைக் கேட்டுக் கீதாரி அவளை முன்வரிசையில் போட்டாள். இப்படி உதைக்கும் காளையைச் சுமப்பவள் புழுதியில் நடக்கக் கூடாது என்றாள். வெள்ளைக்காலி அதுவரை முன்வரிசையைப் பின்னாலிருந்துதான் பார்த்திருந்தாள். அங்கே புல் மிதிபடாமல் இருந்தது. பக்கத்தில் நடப்பவர்கள் அவளிடம் உடம்பு எப்படி என்று கேட்டார்கள்.

தினமும் எண்ணிக்கை முடிந்ததும் செங்கழுத்தி வருவாள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரே கேள்விதான் வரும்.

"'ஆறு வந்துருச்சா?'ன்னு கேக்குறா."

"இன்னும் வரல," என்பாள் வெள்ளைக்காலி. எட்டு நாள் அது உண்மையாக இருந்தது.

பங்குனி இருபத்தைந்தாம் நாள் நண்பகலில் கிடை வைகையை அடைந்தது. அந்தக் காலத்தில் பங்குனியிலும் வைகையில் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. முன்வரிசைக்காரர்கள் மேற்கே, கலங்காத தண்ணீரில் இறங்குவது முறை. வெள்ளைக்காலி அவர்களோடு இறங்கினாள். குடித்தாள். கரையோரப் பச்சையைத் தின்றாள். மறுபடி குடித்தாள்.

செங்கழுத்தி அவள் முதுகில் வந்து உட்கார்ந்தாள்.

"கேக்குறா தாயி."

வெள்ளைக்காலி தலையை நிமிர்த்தினாள். வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்துக்கு இன்னும் இருபது நாள் நடை இருந்தது. அங்கேதான் கிடை மழை வரும்வரை தங்கும். இடையில் ஒரு கண்மாய்கூட இல்லை. கீழே, கலங்கிய தண்ணீரில், கடைசி வரிசைக்காரர்கள் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். அவர்களோடு யாரும் பேசவில்லை.

"இன்னும் வரலன்னு சொல்லு," என்றாள்.

"முழங்கால் தண்ணியில நின்னுட்டுச் சொல்றியே."

"இப்ப மூடுனா அவன் திரும்பத் தளர்ந்துருவான். நான் திரும்பக் கடைசிக்குப் போவேன். மலையடிவாரம் போய்ச் சேர்ந்ததும் மூடச் சொல்லலாம். இருபது நாளு. அவதான் நல்லா இருக்கான்னு நீயே சொன்னேல்ல."

"நான் பொய்யச் சொமந்தவ இல்ல தாயி."

"பொய் என்னுது. நீ எடுத்துட்டுப் போறவதானே."

செங்கழுத்தி கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, அலகை வயிற்றில் வைத்து, சொன்னதைச் சொன்னாள்.

"தண்ணிச் சத்தம் கேக்குதேன்னு கேக்குறா."

"காத்துன்னு சொல்லு."

அதையும் சொன்னாள்.

வைகையைக் கடந்த பிறகு பன்னிரண்டு நாள் கிடேரி அதே கேள்வியைக் கேட்டாள். பதின்மூன்றாம் நாள் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

மலையடிவாரம் வந்தது. அங்கே புல் இருந்தது, ஓடை இருந்தது. வெள்ளைக்காலி சொன்ன வாக்கின்படி செங்கழுத்தியைக் கூப்பிட்டாள்.

"ஆறு வந்துருச்சு, மூடச் சொல்லு."

கொக்கு வயிற்றருகே நின்றது. ஒரு பக்கம் கேட்டது. சுற்றி வந்து மறுபக்கம் கேட்டது.

"மூட முடியல தாயி. தெறந்த எடத்துல ரெண்டு கொடியும் ஒட்டி வளந்து போச்சு. அவ ரத்தம் அவனுக்குப் போகுது, அவன் ரத்தம் இவளுக்கு வருது. முன்னெல்லாம் எது யாரு நெஞ்சுன்னு கண்ணமூடிட்டுச் சொல்லுவேன். இப்ப எனக்கே தெரியல."

"உசுருக்கு ஒண்ணும் இல்லையே?"

"உசுரு நல்லா இருக்கு. ரெண்டும் நல்லா இருக்குதுங்க."

"அப்ப விடு," என்றாள் வெள்ளைக்காலி. மூச்சு அப்போதுதான் அவளுக்குச் சீராக வந்தது.

புரட்டாசி நான்காம் நாள் காலையில் அவள் ஈன்றாள். முதலில் காளை வந்தான். கறுப்பு நிறம், பெரிய தலை. விழுந்த வேகத்தில் எழுந்து நின்றான். கூடுகொம்பியே வந்து பார்த்து அவனுக்குக் காரி என்று பெயர் வைத்தாள். எல்லாரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது கிடேரி வந்தாள். அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பின்னால் வந்ததால் பின்னவள் என்று கூப்பிட்டார்கள், அதுவே நின்றுவிட்டது.

பின்னவள் எழுந்து நின்றதும் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆத்தா, ஆறு வந்துருச்சா?"

"வந்துருச்சு கண்ணு."

பின்னவள் நாலு பக்கமும் பார்த்தாள். மலை தெரிந்தது, புல் தெரிந்தது. மடிக்குப் போனாள். அண்ணன் மூன்று காம்புகளைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து நான்காவதைக் குடித்தாள்.

காரியைப் போல ஒரு கன்றை அந்தக் கிடை பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் ஓராண்டுக் கன்று போல இருந்தான். மற்ற தாய்கள் வெள்ளைக்காலியிடம் வந்து கேட்டார்கள். அவளும் சொன்னாள். தடுப்பை விலக்கச் சொன்னதைச் சொன்னாள், கொடியைப் பகிரச் சொன்னதைச் சொன்னாள். ஆற்றில் நின்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள்.

அடுத்த இரண்டு ஆண்டில் காளையும் கிடேரியுமாகச் சுமந்த பதினொரு பசுக்கள் தங்கள் மகள்களிடம் அதையே கேட்டன. செங்கழுத்தி பதினொரு தடவை எடுத்துச் சொன்னாள். பதினொரு தாய்களும் நடுவரிசையில் நடந்தார்கள். பத்து மகள்கள் தாய் சொல்லும்வரை திறந்து வைத்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் இரண்டாம் நாளே, 'இவன் என்னை மிதிக்கிறான்' என்று மூடிக்கொண்டாள். அவள் தாய் அவளைச் சொல்பேச்சுக் கேளாதவள் என்று கிடை முழுக்கச் சொல்லி அழுதாள்.

வழியில் ஒரு வெள்ளாட்டு மந்தையும் வரும். அதில் சிலுப்பி என்றொரு வெள்ளாடு வெள்ளைக்காலிக்குப் பழக்கம். அவளுக்கும் வயிற்றில் கிடாயும் மறியுமாக, ஆணொன்றும் பெண்ணொன்றுமாக, இரண்டு இருந்தன. வெள்ளைக்காலி அவளுக்கும் யோசனை சொன்னாள்.

சிலுப்பி மென்றுகொண்டே கேட்டாள். "ஏன் மதினி, வெளிய வந்தப்பறம் ரெண்டும் அடிச்சுக்கிறது பத்தாதா? உள்ளயே வேற பங்கு பிரிச்சு விடணுமா? எங்க வீட்டுல அவன் தொட்டி அவனுக்கு, இவ தொட்டி இவளுக்கு. ஒருத்தன் செத்தா சாகட்டும்."

"கல்நெஞ்சுக்காரிடி நீ."

"ஆமா. அதான் முள்ளத் தின்னு பொழைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவள் ஒரு கள்ளிப்புதரைத் தாண்டிப் போய்விட்டாள்.

மூன்றாம் ஆண்டு வந்தது. பின்னவளோடு ஒரே மாதத்தில் பிறந்த கிடேரிகள் சினைப்பட்டு ஈன்றன. பின்னவள் ஈனவில்லை. கழுத்து தடித்து, திமில் உயர்ந்து, பார்க்கக் காளை போலவும் பசு போலவும் இருந்தாள். காளைகள் அவளை மோந்து பார்த்துவிட்டுப் போயின. காரியும் ஒருநாள் அவளைக் கடந்து போனான். தன்னோடு பிறந்தவள் என்பது அவனுக்கு நினைவில்லை. உள்ளே இருந்தவரைக்கும் பாதி நாள் தூங்கிக்கொண்டிருந்தவன், மீதி நாள் குடித்துக்கொண்டிருந்தவன்.

வெள்ளைக்காலி செங்கழுத்தியைக் கூப்பிட்டு மகளின் வயிற்றைக் கேட்கச் சொன்னாள். கொக்கு கேட்டது.

"வாசல் இருக்கு தாயி. வீடு இல்ல."

"என்னடி சொல்ற?"

"கன்னு இருக்குற அறை வளரவே இல்ல. அது வளர வேண்டிய நாளுல அண்ணன் ரத்தம் ஓடியிருக்கு. நான் அன்னிக்கே உன் பேச்ச எடுத்துட்டுப் போகாம இருந்திருக்கணும்."

பின்னவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தாயிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஆத்தா, ஒருநாள் தண்ணிச் சத்தம் கேக்குதுன்னு கேட்டேன்ல. அது காத்தா?"

வெள்ளைக்காலி அசைபோடுவதை நிறுத்தினாள்.

"ஆறுதான்."

"சரி," என்றாள் பின்னவள்.

வெள்ளைக்காலி அவள் திட்டுவாள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தாள். மறுநாளும் காத்திருந்தாள். பின்னவள் திட்டவில்லை. பக்கத்தில் வந்து படுக்கவும் இல்லை.

அந்த ஆண்டு பசுக்கள் அவளைத் தங்கள் இடைவெளியில் நுழைய விடவில்லை, ஈனாதவள் எங்களோடு எதற்கு என்றன. காளைகளின் இடைவெளிக்குப் போனாள். அங்கேயும் முட்டித் தள்ளினார்கள். கூடுகொம்பி எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"உன்ன நான் எதுல எண்ண?"

"எண்ண வேணாம் ஆத்தா."

"எண்ணலன்னா நீ கிடையில இல்லன்னு அர்த்தம்."

"அப்ப மூணுநாள் கடைசியா வந்தாலும் என்ன யாரும் விட்டுட்டுப் போக முடியாதுல்ல," என்றாள் பின்னவள். மூன்று மரங்களுக்கும் வெளியே சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த ஆண்டு மற்றப் பத்து கிடேரிகளும் ஈனவில்லை. சொல்பேச்சுக் கேளாத அந்த ஒருத்தி மட்டும் ஈன்றாள். தாய்கள் யோசனை கேட்பதை அதோடு விட்டார்கள். ஆனால் அதற்குள் கிடையின் வயிறுகளுக்குத் தடுப்புப் போடும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. யாரும் சொல்லாமலே கொடிகள் தாமாக ஒட்டிக்கொண்டன. காளையும் கிடேரியுமாகச் சுமந்தவர்கள் ஒவ்வொருவரும் செங்கழுத்தியிடம் வந்து, மூடச் சொல், மூடச் சொல் என்று கெஞ்சினார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது கேட்டது. மூடத்தான் தெரியவில்லை. பிறகு பசுக்கள் இரண்டு சுமப்பதற்கே பயந்தன. ஓர் ஈற்றுக்கு ஒன்று போதும் என்று இருந்துகொண்டன.

ஒருநாள் கூடுகொம்பி ஒரு சினை மாட்டைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டாள். செங்கழுத்தி தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். சொல்லவில்லை. கீதாரி அதட்டினாள், சொல்லவில்லை. உண்ணி ஒன்றைப் பொறுக்கி விழுங்கிவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

பின்னவள் பிறந்து பதின்மூன்று ஆண்டு ஆனது. கூடுகொம்பி இறந்து, வேறொருத்தி கீதாரியாக இருந்தாள். காரி கிடையின் தலைக்காளை. வெள்ளைக்காலிக்குப் பல் தேய்ந்துவிட்டது. ஒரு பங்குனி பதினான்காம் நாள் அவள் கடைசியாக வந்தாள். பதினைந்தாம் நாளும் பதினாறாம் நாளும் கடைசி. உடைமரங்கள் நிற்கும் அதே பொட்டல். ஆற்றுக்கு அங்கிருந்து ஒன்பது நாள்.

பதினேழாம் நாள் காலை வழக்கமான நேரத்துக்குக் கிடை கிளம்பியது. வெள்ளைக்காலியை யாரும் எழுப்பவில்லை. அவள் விழித்துத்தான் இருந்தாள். முதுகுகள் போவதைப் பார்த்தாள். காரி முன்னால் போனான், திரும்பவில்லை. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கிய பிறகு பார்த்தால், உடைமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. தடித்த கழுத்து, உயர்ந்த திமில்.

"நீ போகலையா?"

"என்ன எண்ணலையே ஆத்தா."

பத்து ஆண்டாக அவள் அதைத்தான் செய்துவந்தாள் என்பது முன்வரிசைக்காரர்கள் யாருக்கும் தெரியாது. கிடை விட்டுப்போன ஒவ்வொரு மாட்டின் அருகிலும் பின்னவள் நின்றிருக்கிறாள். நரியை விரட்டியிருக்கிறாள். முடிந்த பிறகு தனியாக நடந்து வந்து கிடையைப் பிடித்திருக்கிறாள். எண்ணிக்கையில் இல்லாததால் அவள் இல்லாதது யாருக்கும் தெரிந்ததில்லை.

அவள் வந்து பக்கத்தில் படுத்தாள். வெள்ளைக்காலிக்கு மேல்மூச்சு வாங்கியது. அன்று பகல் முழுக்க இருவரும் பேசவில்லை. பேசுவதற்கு ஒன்றுதான் இருந்தது, அதை ஒரு தடவை பேசி முடித்திருந்தார்கள். பதினெட்டாம் நாள் காலையில் வெள்ளைக்காலிக்குக் கண் மங்கியது. உடைமர இலைகளில் காற்று அடித்தது.

"சத்தம் கேக்குதே," என்றாள். "ஆறு வந்துருச்சா?"

பின்னவள் காதை அசைத்துக் கேட்டாள்.

"இன்னும் வரல ஆத்தா. இது காத்து."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

வெள்ளைக்காலி தலையைத் தரையில் வைத்தாள். பிறகு கேட்கவில்லை.

அந்தக் காலம் முதல்தான், பசு எப்போதாவது ஓர் ஈற்றில் காளையும் கிடேரியுமாக இரண்டு போட்டால், காளை இனவிருத்திக்கு நிற்கிறான், கிடேரி பெரும்பாலும் சினைப்படுவதில்லை. பன்னிரண்டில் ஒருத்தி தப்பினால் உண்டு. இரண்டும் கிடேரியாக வந்தால் இருவரும் தாயாகிறார்கள். வெள்ளாட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. உண்ணிக்கொக்கு இன்னும் மாட்டின் வயிற்றருகே தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. யார் கேட்டாலும் சொல்வதில்லை.

அந்த ஆண்டு பங்குனி இருபத்தைந்தாம் நாள் கிடை வைகையைக் கடந்தது. எண்ணிக்கை நூற்று அறுபத்திரண்டு. இருபத்தேழாம் நாள் நண்பகலில் பின்னவள் தனியாக வந்து, ஆற்றில் இறங்கி, தண்ணீர் குடித்தாள்.